யாருடைய மார்பளவு?

எங்கள் நகராட்சியில் மரங்களுக்கென்று ஒரு ஆய்வாளர் இருந்தார். ஆறேகால் அடி உயரம். உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவர் ஒட்டடைக்குச்சிதான். நான் தையற்காரி, ஆளைப் பார்த்ததுமே அளவு கண்ணில் வந்துவிடும். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, கை மட்டும் ஆளுக்கு முன்னால் போய்ச் சேரும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருடம் அவர் எங்கள் புறநகரின் மரங்களைக் காப்பாற்றினார். காப்பாற்றிய லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் கதையில் பாதி எனக்கு அவர் மனைவி சொல்லித் தெரியும். திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க வந்தால் அந்த அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் போவார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடமும் மனிதருக்குக் கடைசி பெஞ்சுதானாம். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவனுக்குக் கரும்பலகை தெரியாது. பலகையின் மேல் பாதியைத் துடைக்க மட்டும் வாத்தியார் அவரைக் கூப்பிடுவாராம். அப்படியே வளர்ந்து, தெருவிளக்குக் கம்பங்களில் எண் எழுதும் வேலைக்கு நகராட்சியில் சேர்ந்தார். ஏணி கேட்காத ஒரே ஆள் என்று அதிகாரிகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். யாரும் அவரைப் புத்திசாலி என்று சொல்லி வேலைக்கு எடுக்கவில்லை. எட்டுகிற ஆள் என்று எடுத்தார்கள்.

பிறகு மரச் சட்டம் வந்தது. அது வந்த கதை ரொம்பச் சுருக்கம். தோப்புகளையெல்லாம் மனையாக்கி விற்று முடித்த பிறகு, தங்கள் கார்களை நிறுத்த நிழலே இல்லை என்பது நகராட்சி உறுப்பினர்களுக்கு உறைத்தது. உடனே ஞானம் பிறந்து ஒரு விதி போட்டார்கள். மார்பளவில் நூறு சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம் எங்கே நின்றாலும் அது பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு. நூறுக்குக் கீழே போனால் அதற்கு நாதி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டு, முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, அதற்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம். இதை அளக்க ஒரு ஆள் வேண்டுமே. கை நீளமாக இருக்கிறது, மரத்தைச் சுற்றிப் பிடிப்பார் என்று ஒட்டடைக்குச்சியைப் போட்டார்கள்.

அவர் அளக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மரத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல் விறைப்பாக நிற்பார். நெஞ்சுக்கு நேரே சாக்பீஸால் மரத்தில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டின்மேல் டேப்பைச் சுற்றி, எண்ணை மூன்று தடவை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நோட்டில் எழுதுவார். வேறு ஊரில் இந்த வேலைக்கு வந்தவர்கள் மாடி மேல் மாடி கட்டியிருப்பார்கள். இவர் மனுதாரர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கையில் பாட்டில் இருக்கும். "நான் அளக்கறேன், அவ்வளவுதான். வெட்டறதும் விடறதும் சட்டம்" என்பார். நேர்மையான மனிதர் என்று ஊரே தலைமேல் தூக்கிவைத்து ஆடியது. எனக்கு அந்த நேர்மையைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். வாங்கிக்கொண்டு தப்புச் செய்கிறவனுக்காவது தான் தப்புச் செய்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

அவர் வீட்டு வாசலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புல்கூட முளைக்க வழியில்லாமல் சுவருக்குச் சுவர் சிமெண்ட். குப்பை விழும் என்று ஒரு தொட்டிச் செடியையும் வைக்க விடவில்லை என்று அந்த அம்மா சொல்லிச் சொல்லி அழுவார். வரவேற்பறையில் மட்டும் பிளாஸ்டிக் செடி ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை அவரே துணியால் துடைப்பார். ஊர் மரங்களுக்கெல்லாம் காவல்காரர் வாழ்ந்த இடம் இது.

இனி என் மரத்துக்கு வருகிறேன். என்னுடையது இல்லை, சாலையோரத்தில் நகராட்சி இடத்தில் நிற்கிற தூங்குமூஞ்சி மரம். அதை ஒட்டி என் தகரக் கடை. உரிமச் சீட்டு இருக்கிறது, வருடம் தவறாமல் புதுப்பிக்கிறேன். ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டுப் பலகை, துணி மாட்டக் கொஞ்சம் கம்பி. வாசலில் மரத்தடியில் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அந்த நாற்காலி என் வீட்டுக்காரருடையது.

அவர் லாரி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, 'சரி.' பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, செத்துத் தொலைக்கட்டுமா நான் என்றாலும் சரி. வாய் நன்றாக இருந்த காலத்தில் நான் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாத மனிதர். அந்தக் கணக்கையெல்லாம் இப்போது தீர்க்கிறார்போல என்று நானே சிரித்துக்கொள்வேன். நாங்கள் இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஒற்றை அறை, பத்து மணிக்கெல்லாம் கூரை கொதிக்கும். 'வெக்கை மட்டும் ஆகாது, இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலையில் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைத்தால், சாயங்காலம் இலை மூடும்வரை அவருக்கு அதுதான் வீடு. மரம் போனால் அவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியாது.

மரத்துக்குப் பின்னால் உள்ள பெரிய வீட்டுக்காரர் இரண்டாவது கார் வாங்கினார். ஒரு கேட்டில் இரண்டு கார் நுழையாதாம். இன்னொரு கேட் வைக்க வேண்டுமென்றால் மரம் நந்தியாய் நிற்கிறது. மனு போட்டார். போட்டதை என்னிடம் வந்து சொல்லவும் செய்தார், அதில் ஒரு பெருந்தன்மை வேறு.

"உங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லம்மா. வெட்டினதும் கடைக்கு நல்ல வெளிச்சம் வரும்" என்றார்.

"வெளிச்சத்துல இவரை வேகப் போட்டுடலாம்னு சொல்றீங்களா?" என்றேன், நாற்காலியைக் காட்டி.

"சரி" என்றார் என் வீட்டுக்காரர். பெரிய வீட்டுக்காரர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் ஒட்டடைக்குச்சி வந்தார். விறைத்து நின்றார், கோடு போட்டார், டேப்பைச் சுற்றினார். "தொண்ணூத்தொம்பது. தொண்ணூத்தொம்பது. தொண்ணூத்தொம்பது." போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு மரம் தொண்ணூற்றெட்டில் போனது, அதற்கு முன்னால் பூங்கா ஓரம் ஒன்று தொண்ணூற்றேழில். அவர் கையில் மரங்கள் எப்போதும் நூறைத் தொட்டும் தொடாமலுமே நின்றன. அப்போது நான் அதை யோசிக்கவில்லை, யோசிக்கிறதுக்கு எனக்கென்ன வேலை? மரத்தில் சணலால் ஒரு அட்டையைக் கட்டினார். 'மார்பளவு: 99' என்று எழுதியிருந்தது.

என் தொழிலில் மார்பளவு தொண்ணூற்றொன்பது என்றால் முப்பத்தொன்பது இஞ்ச். நல்ல வாட்டசாட்டமான ஆள். வயிற்றெரிச்சலில் இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"மரத்துக்கு மார்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சீங்க சார்?" என்றேன்.

அவருக்குக் கிண்டல் புரியாது. "மரத்துக்கு ஏதும்மா மார்பு? உங்க தையல் கணக்கு வேற. இதுல மார்பளவுன்னா உயரம். மார்பளவு தண்ணின்னு சொல்றோம்ல, அது மாதிரி. என் மார்புக்கு நேரா டேப்பு வரணும், அதான் விதி" என்று பொறுமையாக விளக்கினார்.

அந்த 'என்' என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

தெரு என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? மரத்தைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தது. நான்கு வீட்டுக்காரர்கள் வந்து மரத்தின் முன்னால் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரரை நாற்காலியோடு தள்ளி வைத்தார்கள். நான்கு பேர் வீட்டிலும் வாசல் சிமெண்ட், ஒரு வாசலில் பச்சை நிறத்தில் பாய் விரித்திருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் புல் மாதிரி தெரியுமாம். படம் எடுத்த பிறகு யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒட்டடைக்குச்சி ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பிரிவு விழாவுக்கு ஒரு கோட் தைக்க வேண்டுமாம், வாழ்நாளில் முதல் கோட். என் மரத்துக்கு அட்டை கட்டிய கையால் என்னிடமே துணி நீட்டுகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தில் சங்கடத்தின் சாயலே இல்லை. அவரைப் பொறுத்தவரை அட்டை கட்டியது சட்டம், கோட் கேட்பது அவர்.

அளவெடுக்க முக்காலியில் ஏறினேன். தோள், கை, முதுகு. மார்பளவுக்காக அவர் அக்குளுக்குக் கீழே டேப்பைக் கொடுத்துச் சுற்றி, நேரே முன்னால் பார்த்தேன். கடை வாசலுக்கு வெளியே மரம். மரத்தில் அவர் போட்ட சாக்பீஸ் கோடு. அவருடைய சட்டைப் பைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டினால் தொய்யாமல் நிற்கும், அவ்வளவு நேர். தரையில் நிற்கும்போது அந்தக் கோடு எனக்கு நெற்றிக்கு மேலே இருக்கும். என் மார்பு எங்கே, இவர் மார்பு எங்கே?

"என்னம்மா, அளவு வரலையா?" என்றார்.

"வந்துடுச்சு சார்" என்றேன்.

அவர் போனதும் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். சாக்பீஸ் கோட்டில் தொண்ணூற்றொன்பது, அதில் குறை சொல்ல முடியாது. என் மார்புக்கு நேரே சுற்றினேன். நூற்று மூன்று. இன்னொரு தடவை சுற்றினேன், நூற்று மூன்றேதான். என் மார்புக்கு மரம் பிழைக்கிறது, அவர் மார்புக்குச் சாகிறது. இந்தக் கூத்து இருபத்தெட்டு வருடமாக நடந்திருக்கிறது.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளும்படி எதிர்க்கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, நகராட்சிக்குப் போனேன். மரச் சட்டப் புத்தகம் வேண்டும் என்றதும் கவுண்டர் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பீரோவைக் குடைந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"இங்கயே நின்னு பாத்துட்டுக் குடுத்துடணும்."

மார்பளவு, மார்பளவு என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. யாருடைய மார்பு என்று எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 'இணைப்பு இரண்டு' என்று தலைப்பு. முதல் வரி: 'மார்பளவு என்பது தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரம்.' எனக்கு அது போதும். அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. புத்தகத்தைக் குமாஸ்தாவிடம் தூக்கிப் போட்டுவிட்டு நேரே ஒட்டடைக்குச்சியின் மேஜைக்குப் போனேன்.

மேஜை துடைத்துவைத்த மாதிரி சுத்தம். ஒரே பக்கமாகக் கூர் சீவிய மூன்று பென்சில். அடுக்கிவைத்த பழைய அளவு நோட்டுகள், முதுகில் வருடம் எழுதியிருந்தது. ஓரத்தில் அவருடைய சட்டப் புத்தகம் பின்னட்டை கிழிந்து குப்புறக் கிடந்தது, அதன்மேல் டம்ளர்.

"சார், கடைசிப் பக்கத்தைப் படிங்க."

டம்ளரைத் தூக்கினார். இணைப்பு இரண்டின் மேல், வட்டத்துக்குள் வட்டமாக இருபத்தெட்டு வருடத்து டம்ளர் கறை. படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார். மேஜை டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து தன் மார்புவரை பிடித்துப் பார்த்தார். ஒன்று நாற்பத்தாறு. அதையும் பழக்க தோஷத்தில் மூன்று தடவை சொன்னார், சத்தமில்லாமல்.

அந்த இடத்தில் அவர் மனிதராக நடந்துகொண்டிருந்தால் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"எனக்கு இன்னும் பதினோரு நாள்தாம்மா இருக்கு. நீங்க நிழல் வேணும்னு எழுதிக் குடுங்க, வீட்டுக்காரர் உடம்பு சரியில்லன்னு எழுதுங்க. நான் பரிந்துரை பண்றேன். அளவை மட்டும் தொடாதீங்க."

"நிழல் வேணும்னா மரத்தை விடணும்னு சட்டத்துல இருக்கா சார்?"

"இல்ல."

"நோயாளி இருந்தா?"

"அதுவும் இல்லம்மா."

"அப்போ என்ன இருக்கு?"

"அளவுதான் இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் உயிருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, பதினோரு நாள் தன் நோட்டில் கறை படியக்கூடாது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான கேவலத்தை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குப் போகிற வழியிலேயே மரத்தடியில் ஒன்று முப்பதில் டேப்பைச் சுற்றினேன். நூற்று ஒன்று. சாயங்காலத்துக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விசாரணை இரண்டாம் நாள், புதன்கிழமை. அறையில் ஒரு நீள மேஜை, ஏழெட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு காட்டின் படம். மரம் என்றால் நகராட்சி உறுப்பினர்களுக்கு அந்தப் படம் போதும். தலைமை வகித்த நகராட்சித் தலைவி என்னைவிடக் குள்ளம், மேஜைக்கு மேலே கழுத்துதான் தெரியும். பெரிய வீட்டுக்காரர் வக்கீலோடு வந்திருந்தார். ஒட்டடைக்குச்சி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்தும் எல்லோரையும்விட உயரமாக.

"அளவு தப்புன்னு எழுதியிருக்கீங்க. நீங்க யாரு அளவைப் பத்திச் சொல்ல?" என்றார் வக்கீல்.

"முப்பது வருஷமா டேப்பு பிடிக்கறேன். உங்க பேண்ட் இடுப்பு ஒரு இஞ்ச் பத்தாதுன்னு இங்கேருந்தே சொல்லுவேன்" என்றேன். தலைவி சிரித்துவிட்டார், வக்கீல் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

தலைவியைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொன்னேன். பக்கத்தில் ஒட்டடைக்குச்சியையும் நிற்கச் சொன்னேன். தலைவியின் தலை அவர் சட்டைப் பையைக்கூடத் தொடவில்லை.

"மேடம், இந்த மரத்தை நீங்க அளந்தா பாதுகாக்கப்பட்ட மரம். சார் அளந்தா விறகு. மரம் ஒண்ணுதான். இதுல யாரு மார்பு சட்டம்?"

பிறகு இணைப்பு இரண்டின் முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். குமாஸ்தா படித்தார். யாரும் ஒட்டடைக்குச்சியைப் பார்க்கவில்லை. அவரே வாயைத் திறந்தார்.

"அப்போ இதுவரைக்கும் நான் அளந்ததெல்லாம்?"

"அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும்? முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றார் தலைவி, காகிதங்களை அடுக்கிக்கொண்டே. இருபத்தெட்டு வருடத்தை ஒரே வாக்கியத்தில் கை கழுவினார்கள். குறிப்பில் 'அளவீட்டு முறையில் சிறு திருத்தம்' என்று எழுதிக்கொண்டார்கள். மாதக் கடைசி விழாவில் மாலையும் கேடயமும் திட்டப்படி உண்டு என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. பூசி மெழுகுவதில் அந்த அறைக்கு இணை கிடையாது.

மறுநாள் அவரே வந்து திரும்ப அளந்தார். நூற்று ஒன்று. இந்தத் தடவை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். 'பாதுகாக்கப்பட்ட மரம், ஆணி அடிக்கக்கூடாது' என்று ஒரு தகரப் பலகை வந்தது, அதை இரண்டு பெரிய ஆணி வைத்து மரத்தில் அடித்தார்கள். நான் கடை வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வெட்டமாட்டார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சரி என்றார். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை இடம் பார்த்து விழுந்தது.

நான்கு நாள் கழித்து ஒட்டடைக்குச்சி மறுபடியும் டேப்போடு வந்தார். மரத்தைத் தொடவில்லை. மரத்தின் அடியிலிருந்து என் கடைச் சுவர்வரை தரையில் டேப்பைப் போட்டார்.

"ரெண்டு மீட்டர் நாப்பது" என்றார்.

"எந்த உயரத்துல அளந்தீங்க சார்?" என்றேன், கிண்டலாகத்தான்.

"தரையில. இணைப்பு இரண்டு, நாலாவது வரி. பாதுகாக்கப்பட்ட மரத்துக்கு மூணு மீட்டருக்குள்ள எந்தக் கட்டுமானமும் இருக்கக்கூடாது, வேர் கெட்டுடும். இது முன்னாடி பாதுகாக்கப்பட்ட மரம் இல்ல. இப்போ ஆயிடுச்சு" என்று நோட்டீஸை நீட்டினார்.

நோட்டீஸைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் பக்கத்தின்மேல் இருபத்தெட்டு வருடம் டம்ளர் வைத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். அதே பக்கத்தில் முதல் வரிக்குக் கீழே என் கண் போகவில்லை. அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்கே பொருந்திக்கொண்டு நின்றது. அது தெரிந்தும் அவரைத்தான் திட்டினேன்.

"இன்னும் நாலு நாள்ல போகப்போறீங்க. கண்டும் காணாம விட்டா என்ன? இத்தனை வருஷமா படிக்காத பக்கம்தானே?"

"இப்பதாம்மா முழுசாப் படிச்சேன்" என்றார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சட்டத்தைக் கடைசிவரை படித்து, அதை என் தலையில் இறக்கியிருக்கிறார்.

"நாற்காலி?" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பிரித்து, நின்றபடியே ஒருமுறை படித்தார். "நாற்காலி கட்டுமானம் இல்லம்மா. அவர் இருக்கலாம்."

விழாக் கோட்டை மட்டும் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தேன். தோள் பிடிக்கிற மாதிரி, கை குட்டையாகிற மாதிரி வெட்டிவிடு என்று எதிர்க்கடைப் பெண் சொல்லிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தப்பான அளவில் துணி வெட்ட எனக்குக் கை வராது. அந்த விஷயத்தில் நான் அவரைவிட ஒரு படி மேலே என்பதை எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோட் அவருக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. விழாவில் அவர் மாலையோடு நிற்கிற படம் நகராட்சிப் பலகையில் வந்தது, மரங்களின் காவலர் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

என் கடை சாலையின் எதிர்ப்பக்கம் போனது. உரிமத்தில் வேறு இடம் அதுதான் கிடைத்தது. அங்கே நிழல் என்று சொல்ல மின்கம்பத்தின் கோடு ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்கு மிஷின் சக்கரத்தைத் தொட்டால் சுடுகிறது. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தைக்கிறேன். சாலைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மரத்தடியில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்டது அவர் நிழலில் இருக்க வேண்டும் என்பதுதான், அது நடந்துவிட்டது. அதற்காக யாரிடமும் புகார் சொல்ல எனக்கு வாயில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் ஒட்டடைக்குச்சி மடக்கு நாற்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். அவர் வீட்டில் நிழல் ஏது? இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு பையும் வந்தது. பையில் பழைய அளவு நோட்டுகள். நகராட்சி பழைய காகிதத்துக்குப் போட இருந்ததை இவர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

முதல் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் எனக்கே கேட்டது.

"பள்ளிக்கூடச் சுவர் ஓரம், வாகை. தொண்ணூத்தெட்டு."

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார்.

"தண்ணித்தொட்டித் தெரு, மூணாவது வீடு, மாமரம். தொண்ணூத்தொம்பது."

"சரி."

"அதே தெரு, கடைசி வீடு. தொண்ணூத்தேழு. அது ஒருவேளை உண்மையிலேயே குறைவா இருந்திருக்கும்." அவர் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்.

"சரி."

தினமும் வருகிறார். தினமும் நாலைந்து பக்கம். படித்து முடிக்க இன்னும் பதினேழு நோட்டு இருக்கிறது. முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. தன்னை ஒன்றும் சொல்லமுடியாத ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துக்கொண்டாரே, ஊரில் வேறு யாரிடமாவது போய் இதைப் படிக்கட்டுமே என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒருநாள் தண்ணீர் கேட்டு இந்தப் பக்கம் வந்தார். வெயிலில் என் கடைக்குள் குனிந்து நின்றார், தகரத்தின் வெக்கை முகத்தில் அடித்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன்மா. எதுக்கும் கோபப்படமாட்டேங்கறார்" என்றார்.

"அவருக்கு வேற வார்த்தை வராது சார். வந்தா சொல்லியிருப்பார்" என்றேன்.

அவர் குனிந்தபடியே வெளியே வந்தார். பிறகு சாலையைத் தாண்டிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த மரத்தைப் படித்தார்.